பெர்ஸ்பெக்ஸ் கார் யன்னல்: வெடிப்பு, மங்கல், நெளிவு கண்டால் எங்கே பார்ப்பது

என் தொழில் கடைப் பெயர்ப்பலகை. அக்ரிலிக் தகட்டில் எழுத்து வெட்டி ஒட்டி, பின்னால் விளக்குப் போட்டுக் கொடுப்பேன். பழைய கார் யன்னல் நான் தேடிப் போன வேலை இல்லை. திருகோணமலையில் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பழைய லான்ட் றோவர் வைத்திருப்பவர்கள் கண்ணாடி உடைந்தால் முதலில் கொழும்பில் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் என்னிடம் வருவார்கள். எழுத்து வெட்டுகிறவனுக்கு ஒரு சதுரம் வெட்டத் தெரியாதா என்பது அவர்கள் கணக்கு. என் கணக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் மூன்று யன்னலும் திரும்பி வந்தன.

பெயர்ப்பலகை குலுங்காது. பூட்டிய இரும்புக் கூட்டுக்குள் வேகாது. அதை யாரும் தினமும் துடைப்பதும் இல்லை. கார் யன்னலுக்கு இந்த மூன்றும் நடக்கும். அதோடு இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: தப்புச் செய்த அன்று எதையும் காட்டாது. துளை போட்டபோது செய்த பிழை மூன்று கிழமை கழித்து வெடிப்பாக வரும். மாசி மாதம் அளந்த பிழை வைகாசி வெயிலில் நெளிவாக வரும். ஆகவே கண்ணில் படுகிற கோளாறிலிருந்து பின்னால் நடந்துபோய்த்தான் காரணத்தைப் பிடிக்க வேண்டும்.

முதலில், கையில் இருப்பது எது?

இங்கே கடையில் தெளிவான தகடு எல்லாமே பெர்ஸ்பெக்ஸ்தான். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று அக்ரிலிக். பெர்ஸ்பெக்ஸ் என்பது அதற்கு இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பனி 1930களில் வைத்த வியாபாரப் பெயர். மற்றது பொலிகாபனேற். ஜெர்மனியில் பேயரும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் 1953இல் தனித்தனியே கண்டுபிடித்தது. மக்ரோலோன், லெக்ஸான் என்ற பெயர்களில் வரும்.

வித்தியாசம் பார்க்க ஒரு விரலளவு கழிவுத் துண்டு போதும். குறட்டால் பிடித்து வளையுங்கள். அக்ரிலிக் கொஞ்சம் வளைந்து 'டக்' என்று முறியும். பொலிகாபனேற் தகரம் போல மடியும், முறியாது. வெளியில், காற்றோட்டமான இடத்தில் நுனியைப் பற்றவைத்தும் பார்க்கலாம். அக்ரிலிக் அதிகம் புகையாமல் சடசடவென்று எரியும், இனிப்பான மணம் வரும். பொலிகாபனேற் கரும்புகை கக்கும், நெருப்பை எடுத்தால் தானே அணையும். கழிவுத் துண்டு இல்லையென்றால் ஓரத்தைப் பாருங்கள்: அக்ரிலிக்கின் ஓரம் பளிச்சென்று இருக்கும், மற்றதன் ஓரம் சாம்பல் பூத்ததுபோல் மங்கலாக இருக்கும்.

இதைத் தெரியாமல் கீழே உள்ள எதையும் செய்யாதீர்கள். ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்கு நஞ்சு. எந்த இடத்துக்கு எது என்பதும் இதில்தான் இருக்கிறது. அக்ரிலிக் உடைந்தால் கத்திபோன்ற சில்லாக உடையும். காரோடு வந்த பக்கக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு போலப் பொடிப்பொடியாகக் கொட்டும். ஆள் இருக்கிற பக்கத்துக்கு நான் பொலிகாபனேற்தான் போடுவேன். பின்மூலையில் அசையாமல் நிற்கிற சின்னக் கண்ணாடிக்கு அக்ரிலிக் போதும். முன் கண்ணாடிக்கு இரண்டும் வேண்டாம். வைப்பர் நாலு தரம் ஓடினால் அரைவட்டமாகக் கீறிவிடும். இரவில் எதிரே வருகிற வெளிச்சம் அந்தக் கீறல் முழுக்கப் பரவும். சுற்றி இறக்குகிற கதவு யன்னலுக்கும் நான் இல்லை என்றுதான் சொல்வேன். அடியில் பிடிக்கிற தண்டவாளம் கண்ணாடியின் விறைப்பை நம்பிச் செய்தது. பிளாஸ்டிக் போட்டால் நடுவில் வளைந்துகொண்டு மேலே வரும்.

கோளாறு: திருகாணித் துளையிலிருந்து ஒரு வெடிப்பு ஓடியிருக்கிறது

அதிகமாக வருகிற கேஸ் இதுதான். எனக்கு முதலில் வந்ததும் இதுதான்.

உவர்மலைப் பக்கத்து ஐயா ஒருவரிடம் மொரிஸ் மைனர் ட்ரவலர் இருந்தது. 1953 முதல் 1971 வரை செய்த, பின்பாதி மரச்சட்டம் வெளியே தெரிகிற வண்டி. அதன் பின்பக்க யன்னல் ஏறி இறங்காது, பக்கவாட்டில் நகரும். நகர்த்துவதற்கு விரல் வைக்க ஒரு பிடி வேண்டும். பழைய பிடியைக் கழற்றி, நான் வெட்டிய அக்ரிலிக் தகட்டில் இரண்டு துளை போட்டு, திருகி, இறுக்கிக் கொடுத்தேன். அருமையாக இருந்தது. மூன்றாவது கிழமை காலையில் ஐயா வந்தார்.

"தம்பி, ராத்திரி ஆரோ கல்லெறிஞ்சிருக்கினம்."

போய்ப் பார்த்தேன். கல் பட்ட தடம் எங்கேயும் இல்லை. பிடியின் கீழ்த் துளையிலிருந்து தகட்டின் அடி ஓரம் வரை ஒரே கோடு. பிடியைக் கழற்றி, துளையின் உள்சுவரை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி போல இருக்க வேண்டிய சுவர் வெள்ளை வெள்ளையாக வளையம் போட்டு, உருகி உறைந்த மெழுகு போல இருந்தது. வாய் ஓரத்தில் நகத்தால் தடவினால் பல்லுப்பல்லாகத் தட்டுப்பட்டது. வெடிப்பு தொடங்கியது சரியாக அந்தப் பல்லில் ஒன்றில்.

"கல்லெறிஞ்சது நான்தான் ஐயா, ட்ரில்லால" என்றேன். நல்ல மனிதர், சிரித்தார்.

என் பிழை மூன்று. ஒன்று, இரும்புக்குப் போடுகிற ட்ரில் பிட்டை அப்படியே போட்டது. அதன் கூர் தகட்டைச் சுரண்டாது. கடித்து இழுக்கும், மறுபக்கம் வெளிவரும்போது சில்லுப் பெயர்க்கும். பிட்டின் இரண்டு வெட்டு விளிம்பையும் சாணைக்கல்லில் இலேசாகத் தட்டையாக்கிக் கொள்ள வேண்டும். அப்போது அது வெட்டாமல் சீவும். படிப்படியாகப் பெருக்கிற கூம்பு பிட் இருந்தால் இன்னும் நல்லது. தகட்டின் அடியில் பலகை வைத்து இறுக்குங்கள். வேகத்தைக் குறையுங்கள், சவர்க்காரத் தண்ணீர் சொட்டு விடுங்கள், அடிக்கடி பிட்டை வெளியே எடுங்கள். சீவல் நீளமாகச் சுருண்டு வந்தால் சரி. பிட்டில் பசையாக ஒட்டினால் சூடாகிவிட்டது, நிறுத்துங்கள்.

இரண்டாவது பிழை துளையின் அளவு. 4 மி.மீ. திருகாணிக்கு 4 மி.மீ. துளை போட்டேன். தகடு வெயிலில் விரியும்போது போக இடமில்லாமல் ஆணியில் முட்டும். 4 மி.மீ. ஆணிக்கு 6 மி.மீ. துளை போட வேண்டும். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரத்துக்குத் துளையின் விட்டத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் விடுங்கள். தட்டைத் தலை ஆணி போடுங்கள். கூம்புத் தலை ஆணியைத் தகட்டுக்குள் புதைத்தால் ஆப்பு அடித்ததுதான்.

மூன்றாவது, இறுக்கம். இரண்டு பக்கமும் மெல்லிய றப்பர் வொஷர் வைத்து, நட்டைக் கையால் பிடிக்கும்வரை இறுக்கி, கால் சுற்றுப் பின்னால் தளர்த்திவிட வேண்டும். கழன்றுவிடும் என்ற பயத்தில் நட்டுக்குப் பூட்டுப் பசை விடாதீர்கள். அந்தத் திரவம் இரண்டு வகைத் தகட்டையும் வெடிக்க வைக்கும். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட் போதும்.

பொலிகாபனேற்றில் உள்ளே இறுக்கம், அதாவது தகட்டுக்குள் அகப்பட்ட விசை, நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. போலரைஸ்ட் வெயில் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வெள்ளைத் திரை வைத்த போனுக்கும் உங்களுக்கும் நடுவே தகட்டைப் பிடியுங்கள். துளையைச் சுற்றி வானவில் நிறக் கோடுகள் நெருக்கமாக வந்தால் அங்கே இறுக்கம் இருக்கிறது. அக்ரிலிக்கில் இந்த நிறம் அவ்வளவாகத் தெரியாது.

ஏற்கெனவே ஓடிய வெடிப்பை ஒட்ட முடியாது. அதன் நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் சில கிழமை நிற்கும். புதுத் தகடு வரும்வரைதான் அது.

கோளாறு: வெயிலில் இறுகுகிறது, இரவில் கிலுகிலுக்கிறது

கண்ணாடியைக் காட்டி அதே அளவு வெட்டச் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் இது வரும். கண்ணாடி ஒரு மீற்றர் நீளத்துக்கு, ஒரு பாகை சூட்டுக்கு, 0.009 மி.மீ. அளவுதான் விரியும். அக்ரிலிக்கும் பொலிகாபனேற்றும் சுமார் 0.07 மி.மீ. விரியும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டடி, அதாவது 600 மி.மீ. நீளத் தகட்டை ஒரு மார்கழி மழைநாள் காலையில் 26 பாகையில் வெட்டுகிறீர்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற மத்தியானம், நிழல் இல்லாத இடத்தில் கார் நிற்கிறது. தகடு 60 பாகைக்குப் போய்விடும். 34 பாகை வித்தியாசத்துக்கு 600 மி.மீ. தகடு ஏறக்குறைய 1.4 மி.மீ. நீளும். கண்ணாடி 0.2 மி.மீ.கூட நீளாது. இடமில்லையென்றால் அந்த 1.4 மி.மீ. நடுவில் வயிறு தள்ளும்.

பழைய கண்ணாடியை அளவாக வைத்து வெட்டினால் ஒவ்வொரு பக்கமும் 1.5 மி.மீ. குறைத்து வெட்டுவது என் வழக்கம். சட்டத்தின் பள்ளம் 8 மி.மீ.க்கு மேல் ஆழம் இருந்தால் இந்தக் குறை வெளியே தெரியாது. அப்புறம் இரவில் தகடு சுருங்கிக் கிலுகிலுக்குமே? அதற்குத் தகட்டைப் பெருக்க வேண்டாம், பள்ளத்தை மென்மையாக்குங்கள். பள்ளத்துக்குள் உலர்ந்து கல்லாய்ப் போன பழைய ஃபெல்ட் துணியை (கம்பளி போன்ற பட்டை) உரித்துப் புதிது ஒட்டினால் பாதிச் சத்தம் போய்விடும்.

மீதிப் பாதி தடிப்பில் இருக்கிறது. பழைய கண்ணாடி ஐந்து மி.மீ. அளவில் இருந்தால் அதன் இடத்தில் 3 மி.மீ. தகடு ஆடத்தான் செய்யும். கார் ஓடும்போது யன்னல் வெளிப்பக்கமாக இழுபட்டுப் படபடக்கிறது என்று வருகிறவர்களுக்கும் இதே பதில். கண்ணாடியின் விறைப்பில் இருபதில் ஒரு பங்குகூட இந்தப் பிளாஸ்டிக்குக்கு இல்லை. ஆனால் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏறும்: 3 மி.மீ.யிலிருந்து 4.5 மி.மீ.க்குப் போனால் மூன்று மடங்குக்கு மேல் விறைக்கும். பாரம் பற்றிக் கவலை வேண்டாம். அதே தடிப்புக் கண்ணாடியில் பாதிதான் இருக்கும்.

கோளாறு: தகட்டுக்குள் மயிர்க்கோடுகள், வெளிச்சத்தில் சிலந்தி வலை போல

நேராகப் பார்த்தால் தெரியாது. மாலை வெயில் சரிவாக விழும்போது வெள்ளி நூல் போல மின்னும். கையால் தடவினால் மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருக்கும். ஆகவே கீறல் இல்லை. தகடு உள்ளே விண்டிருக்கிறது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: எதால் துடைத்தீர்கள்? பத்துப் பேரில் எட்டுப் பேர் "கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணி" என்பார்கள். அதில் மதுசாரம் அல்லது அமோனியா இருக்கும். அக்ரிலிக்குக்கு மதுசாரம் ஆகாது, தின்னர் ஆகாது, பெற்றோல் ஆகாது, அசிற்றோன் கிட்டவும் வரக்கூடாது. பொலிகாபனேற்றுக்கும் அசிற்றோன், பெற்றோல், தின்னர் ஆகாது, அமோனியா இன்னும் ஆகாது. கையில் பூசுகிற நுளம்புக் கிறீமில் டீட் இருந்தால் அதுவும் பிளாஸ்டிக்கைப் பிடிக்கும். பெற்றோல் மூடிக்குப் பக்கத்து யன்னலின் கீழ் மூலையில் மட்டும் மயிர்க்கோடு இருந்தால் நான் கேட்கவே மாட்டேன், எரிபொருள் அடிக்கிற பையன்தான் காரணம்.

ஆனால் துடைத்த திரவம் பாதிக் காரணம்தான். உள்ளே இறுக்கம் இல்லாத தகடு சின்னத் தப்பைத் தாங்கிக்கொள்ளும். வெட்டின சூடு, தீயில் காட்டி மினுக்கிய ஓரம், பலவந்தமாக வளைத்துச் சட்டத்துக்குள் திணித்தது, இவை உள்ளே உறங்கிக் கிடக்கும். திரவம் அதை எழுப்பிவிடும். பெயர்ப்பலகைக்கு ஓரத்தைத் தீயில் காட்டி மினுக்குவது எங்கள் தொழிலில் பெருமை. கார் யன்னலில் அந்தப் பெருமை வேண்டாம். ஹக்சோ பிளேட்டின் முதுகால் ஓரத்தைச் சீவி, ஈர சாண்ட் பேப்பரால் தேய்த்தால் போதும், எப்படியும் றப்பருக்குள் மறையப் போகிறது.

வந்த மயிர்க்கோடு போகாது. புதுத் தகடு அக்ரிலிக் என்றால் ஊற்றி வார்த்த வகையாகக் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தில் பிதுக்கி இழுத்த வகை விலை குறைவு, ஆனால் சீக்கிரம் விண்டுபோகும். வெட்டி, துளை போட்டு முடித்தபின் 80 பாகைச் சூட்டில் சில மணி நேரம் தட்டையாகக் கிடத்தி, அடுப்பை அணைத்து, உள்ளேயே ஆறவிட்டால் இறுக்கம் பெரும்பாலும் இறங்கிவிடும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் செய்ததும் செய்யாததும் ஒன்றுதான்.

இடையில் ஒரு கதை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது சீனக்குடாவிலிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானங்களின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸ்தான். போரில் அந்த மூடி சிதறி விமானிகளின் கண்ணுக்குள் போன சில்லுகளைப் பார்த்த லண்டன் கண் மருத்துவர் ஹரல்ட் றிட்லி, கண் அவற்றைப் பகைக்காமல் வைத்திருப்பதைக் கவனித்தார். அதை நம்பித்தான் 1949இல் கண்புரைக்கு அக்ரிலிக் வில்லை வைத்தார். கண்ணுக்குள் பல ஆண்டு கிடக்கிற சாமான் நீலத் தண்ணிக்கு ஒரு கிழமையில் விண்டுபோகிறது என்றால் அது யாருடைய பிழை?

கோளாறு: சூடாக்கி வளைத்தேன், உள்ளே நுரைபோலக் குமிழி

தகடு பொலிகாபனேற். அது காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். வளைக்கிற சூடு 180 பாகைக்கு மேல். அந்தச் சூட்டில் ஈரம் உள்ளுக்குள்ளேயே கொதித்துக் குமிழியாகும். கடலோரத்தில், அதுவும் வாடைக்காற்று மழைக்காலத்தில், கடையில் சாய்த்து வைத்த தகடு எதுவும் உலர்ந்திருக்காது. வளைப்பதற்கு முன் 120 பாகையில் காயவைக்க வேண்டும். 3 மி.மீ. தகட்டுக்கே நாலைந்து மணி நேரம் வேண்டும். தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற பாதுகாப்புத் தாளை முதலில் உரித்துவிடுங்கள்.

நான் ஒருமுறை பேக்கரிக்காரர் ஒருவரின் போறணையில், பாண் எடுத்த பிறகு, அக்ரிலிக் தகடு ஒன்றை வைத்து வளைத்தேன். அக்ரிலிக் 150, 160 பாகையில் ஈரத்துணி போலத் துவளும். போர்வைத் துணி சுற்றிய மர அச்சில் கிடத்தி, கையுறையோடு நீவிவிட்டால் அச்சின் வளைவை எடுத்துக்கொள்ளும். வளைவு சரியாக வந்தது. ஆனால் போறணையின் செங்கல் தரை ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் ஆறல். அந்த யன்னல் வழியே பார்த்தால் தந்திக் கம்பம் எல்லாம் நடனமாடியது. துணியின் நெசவும் தகட்டில் பதிந்திருந்தது. யன்னலின் வழியே பார்க்கும்போது உருவம் நெளிந்தால் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் காரணம்: சூடு சீராக ஏறவில்லை, அல்லது அச்சின் முகம் வழுவழுப்பாக இல்லை. ஹீட் கன்னால் அங்கங்கே காட்டி வளைத்த தகடு நெளியாமல் வந்ததை நான் பார்த்ததில்லை.

ஆகவே முடிந்தவரை சூடில்லாமல் வளையுங்கள். பொலிகாபனேற் இதற்கு ஒத்துழைக்கும். வளைவின் ஆரை தகட்டின் தடிப்பைப்போல் சுமார் 100 மடங்குக்குக் குறையக்கூடாது: 3 மி.மீ.க்கு 300 மி.மீ. கீறல் தாங்கும் கடினப்பூச்சு உள்ள தகட்டுக்கு 175 மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பூச்சு விண்டுவிடும். அக்ரிலிக்குக்கு 200 மடங்காவது வேண்டும். பழைய கார்களில் பல யன்னல் கிட்டத்தட்டத் தட்டைதான், இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

கோளாறு: வெட்டினேன், வாளுக்குப் பின்னால் மறுபடி ஒட்டிக்கொண்டது

வாளின் பல் நெருக்கம், வேகமும் அதிகம். சூட்டில் தூள் உருகி வெட்டின இடத்தை அடைத்துவிட்டது. மாறாக ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தால் பல் மிகப் பெரிது, அல்லது தகடு துள்ளியிருக்கிறது. இரண்டு மரச் சட்டத்துக்கு நடுவே இறுக்கி, அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பல் உள்ள பிளேட்டால், பாதி வேகத்தில், தாளை உரிக்காமல் வெட்டுங்கள்.

அக்ரிலிக்கில் நேர்கோடு என்றால் வாளே வேண்டாம். உடைந்த ஹக்சோ பிளேட்டின் நுனியைச் சாணையில் கொக்கி போலப் பிடித்துக்கொள்ளுங்கள். இரும்பு மட்டத்தை வைத்து, ஏழெட்டுத் தரம் இழுத்து, தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு கீறி, மேசை ஓரத்தில் வைத்து அழுத்தினால் முறிந்து வரும். பொலிகாபனேற்றில் இதைச் செய்து கை வலிப்பதுதான் மிச்சம்.

கோளாறு: ஒரே வருசத்தில் மஞ்சள்

அக்ரிலிக் வெயிலுக்கு எளிதில் மஞ்சளாகாது. மஞ்சளானது பொலிகாபனேற். ஒன்று, வெயில் தடுப்புப் பூச்சு இல்லாத மலிவுத் தகடு. அல்லது பூச்சு இருந்தும் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். பல தகடுகளில் பூச்சு ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். எந்தப் பக்கம் வெளியே என்பது பாதுகாப்புத் தாளில் அச்சடித்திருக்கும். தாளை உரிக்கும் முன் அந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன டேப் ஒட்டிவிடுங்கள். உரித்தபின் எந்தப் பக்கம் பூச்சு என்பது எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

கோளாறு: றப்பர் ஓரத்தில் பால் போல மங்கல், அல்லது மழைநீர் கசிவு

ஓரத்தில் பூசிய சிலிக்கனின் மணத்தை நினைத்துப் பாருங்கள். வினாகிரி மணம் வந்ததா? அந்த வகை காயும்போது அசற்றிக் அமிலம் விடும்; பொலிகாபனேற்றை அது கெடுக்கும், சட்டத்தின் இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். மணம் இல்லாத, நடுநிலை வகை என்று எழுதியதை வாங்குங்கள். தகட்டின் ஓரத்தைச் சுற்றிப் போடுகிற பி.வி.சி. பீடிங்கும் ஆபத்து. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து தகட்டுக்குள் இறங்கும். உண்மையான றப்பர் பீடிங் விலை அதிகம்தான், ஆனால் அதைத்தான் போட வேண்டும்.

கசிவுக்கு எந்தச் சிலிக்கனையும் பசையாக நம்பாதீர்கள். தகடு தினமும் நீண்டு சுருங்குகிறது, எந்த ஒட்டும் ஒருநாள் விடும். நீரைத் தடுக்கிறது றப்பரின் அழுத்தம். சட்டத்தின் அடியில் நீர் வடிகிற துளைகளில் மண் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐப்பசி மழைக்கு வந்த கசிவு வழக்குகளில் பாதியை ஒரு சைக்கிள் கம்பியால் முடித்திருக்கிறேன்.

கோளாறு: ஒட்டிய கறுப்புத் தாளுக்குள் குமிழி

பொலிகாபனேற் சூட்டில் உள்ளிருந்து காற்றும் ஈரமும் விடும். வெயில் மறைக்கும் தாளுக்கு அடியில் அது அகப்பட்டுக் குமிழியாகும். ஒட்டியவரைத் திட்ட வேண்டாம். சாயம் ஊறிய தகடாகவே வாங்குங்கள்.

கோளாறு: கீறல்

நிலாவெளி வீதியில் போய் வந்த காரில் காய்ந்த உப்பும் மெல்லிய மணலும் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் ஒரு தேய் தேய்த்தால் அந்தத் துணியே சாண்ட் பேப்பர். தேய்க்கத் தேய்க்க நிலைமின்சாரமும் ஏறி இன்னும் தூசியை இழுக்கும். முதலில் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றி மணலைக் கழுவுங்கள். அப்புறம் கோப்பை கழுவுகிற சவர்க்காரம் இரண்டு சொட்டு, உள்ளங்கை, பழைய பருத்திச் சேலைத் துண்டு. அவ்வளவுதான்.

விழுந்த கீறல் நகத்தில் தட்டுப்படாவிட்டால், தகடு அக்ரிலிக் என்றால், வெள்ளைப் பற்பசையும் ஈரத்துணியும் போதும். நகம் தட்டினால் 600, 800, 1200, 2000 என்று ஈர சாண்ட் பேப்பரில் ஏறிப் போங்கள். ஒவ்வொரு படியிலும் முந்தின படியின் கோடுகளுக்குக் குறுக்காகத் தேய்த்தால், முந்தினது முழுதும் போய்விட்டதா என்பது தெரியும். இடையில் தகடு சந்தனம் பூசியதுபோல மங்கும். பயப்படாதீர்கள், கடைசியில் பொலிஷ் பசையில் தெளியும். கீறல் இருக்கிற கோட்டை மட்டும் தேய்க்காதீர்கள். பள்ளம் விழுந்து அந்த இடம் லென்ஸ் ஆகிவிடும். ஒரு சாண் அகலமாவது விரித்துத் தேய்க்க வேண்டும்.

பொலிகாபனேற்றில் இந்த வித்தை பலிக்காது. மென்மையான சாமான், தேய்த்தால் மங்கல் நிற்கும், கடினப்பூச்சு இருந்ததும் போய்விடும். கீறலோடு வாழுங்கள் அல்லது மாற்றுங்கள்.

கோளாறு: பாதுகாப்புத் தாள் உரியவே மாட்டேன் என்கிறது

தகரக் கூரையின் கீழ் ஒரு கச்சான் காலத்தைக் கழித்த தகடு இது, பசை வெந்துவிட்டது. பிளேட்டால் சுரண்ட வேண்டாம், தின்னரை நினைக்கவே வேண்டாம். இளஞ்சூடான சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து மேலே பரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். மிஞ்சின பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவி இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பெருவிரலால் உருட்டி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிடிவாதமான இடத்துக்குத் துணி நுனியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், உடனே கழுவல். புதுத் தகடு வாங்கும்போது கடையில் ஒரு மூலையை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். உரியாவிட்டால் அடுத்த தகட்டைக் கேளுங்கள்.